ஒரு மணி நேரம் பின்தங்கிய வீடு

காரைக்காலில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருத்தி வைத்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். அதற்குக் காரணம் என் அப்பா. பெயர் தமியேன்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். நூற்றுக்கணக்கான பேருக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு போட்ட பழக்கம், வீட்டில் மூன்று பேருக்கும் தொடர்ந்தது. காலை ஏழுக்குக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பார். கருக்களாச்சேரியிலிருந்து சாரதாம்பாள் மீன்கூடையோடு வருவாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குத் தூக்கம், இரவு எட்டரைக்குப் படுக்கை. ஒருமுறை விருந்துக்கு வந்த மாமா பன்னிரண்டே முக்காலுக்குக் கைகழுவி வந்தார். சோற்றுப்பானையை மூடியாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் பரோட்டா தின்றுவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

அக்கா சில்விக்கு பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு காலை பத்து மணி இடைவேளையில்தான் அவளால் கூப்பிட முடியும். கோடையில் அங்கே பத்து என்றால் இங்கே ஒன்றரை. அப்பா போன் அருகே நாற்காலி போட்டுக் காத்திருப்பார். அக்டோபர் கடைசியில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அழைப்பு இரண்டரைக்கு வரும், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். மார்ச் கடைசி வரை, ஐந்து மாதம், மகளோடு பேச்சே கிடையாது.

கேட்டால், தான் பட்டாளத்தில் இருந்தபோது அங்கே மணி மாறவே இல்லை என்பார். "நேரத்த மாத்துனது அவுங்க கவர்மெண்ட்டு. நான் ஏன் முழிச்சிருக்கணும்?"

2004 அக்டோபரில் சில்வி அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா கொறட்டைய கேக்கவாம்மா போன் கார்டு வாங்கிப் போடுறேன்? இந்த வருஷமும் தூங்குனாருன்னா இனிமே கூப்புடல." அவள் சொன்னால் செய்கிறவள். அந்த விஷயத்தில் அப்பாவின் மகள்.

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த மாதக் கடைசி ஞாயிறு விடியலில் அப்பா குளிக்கப் போனதும், ஸ்டூல் போட்டு ஏறி சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாள். மேசைமேல் இருந்த அவருடைய கைக்கடிகாரத்தையும் விடவில்லை.

நண்பகலில் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. எங்கள் சுவரில் பதினொன்று. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார். "மணியடிக்கிறவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். ஊருக்கு இரண்டரை ஆனபோது போன் அடித்தது. அப்பா நாற்காலியில் இருந்தார். கார்டு தீரும் வரை சில்வி பேசினாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டுக்கும் ஊருக்கும் ஒத்துப்போகவில்லை. நான் சட்டைப்பையில் ஒரு கடிகாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். அப்பா கிண்ணத்தோடு வாசலுக்கு வரும்போது சாரதாம்பாள் தெருவைத் தாண்டியிருப்பாள். திரும்பும் வழியில் கூடையில் மிஞ்சிக் கிடக்கும் மத்தியைக் கொடுத்து, பிரெஞ்சு மரியாதையோடே சொல்வாள்: "முசியே, ஒங்க வூட்டு மணிக்கு வஞ்சிரம் காத்திருக்காதுங்க." கால் மணி நேரத்துக்காக மாமாவைப் பட்டினி போட்ட மனிதர், மத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்.

மார்ச் கடைசி ஞாயிறு, கடிகாரத்தைத் திரும்ப முன்னால் தள்ள அம்மா மறந்துவிட்டாள். பதறிப்போய் ஓடினாள். கடிகாரம் ஏற்கெனவே ஊர் மணியைக் காட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஸ்டூல். அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார், திரும்பவில்லை. அதன் பிறகு அக்டோபரிலும் மார்ச்சிலும் அவரே ஏறினார். தூக்கம் மட்டும் அதே இரண்டு மணிக்குத்தான்.

இந்தப் பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். நான்கு மணிக்கு அடக்கம் என்று சொல்லியிருந்தோம். சாமியார் காத்திருக்கிறார் என்று ஆள் வந்தபோது, மூன்றுதானே ஆகிறது என்றாள் அம்மா. நான் சுவரைப் பார்த்தேன். ஒரு நாளும் தாமதிக்காத மனிதரை ஒரு மணி நேரம் தாமதமாகத் தூக்கிப்போனோம்.

போன ஞாயிறு, மார்ச் கடைசி ஞாயிறு, போன் அடித்தபோது அம்மா அப்போதுதான் சோற்றில் குழம்பு ஊற்றியிருந்தாள். சுவரில் பன்னிரண்டரை.

"என்னடி, இவ்ளோ சீக்கிரம்?"

"அப்பா மாத்தி வைக்கலயாம்மா?" என்றாள் சில்வி.

அம்மா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்து, காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டாள்.