ஆங்கிலம் என்னால் பேசப்படும்

எனக்கு ஆங்கிலம் பேச வராது. தொண்ணூறுகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்பதால், இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆயிற்று. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எதிரே நின்று யாராவது கேட்டால் முதலில் வினைச்சொல்லைத் தேடுவேன். அது கிடைப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பரீட்சைக்காரர்கள். ஒருவர் மட்டும் மாமல்லபுரத்திலிருந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கடற்கரைக்குப் போகும் வழியில் சங்கும் பாசிமணியும் விற்பவர். அங்கே ஓர் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை காலியாக இருந்தது. மாதச் சம்பளம், யூனிஃபார்ம். மூன்று மாதத்தில் இன்டர்வியூ.

“நீங்கதான் ஏற்கெனவே பேசறீங்களே?” என்றேன்.

“அது ரோட்டு இங்கிலீஷ் சார். ஓட்டல்ல கிராமரு கேப்பாங்களாம்.”

அந்த ரோட்டு இங்கிலீஷை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் நேரிலேயே கேட்டேன். “கம் மேடம், லுக் ஒன்லி, நோ பை, நோ ப்ராப்ளம்.” தேடினாலும் எழுவாய் கிடையாது. அந்த வெள்ளைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டு மாலை வாங்கினாள். நான் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று மாதமும் செய்வினை, செயப்பாட்டுவினை. நம் பள்ளிக்கூட இலக்கணத்துக்கு அதுதான் மூலஸ்தானம். ‘பூனை எலியைத் தின்றது’ என்று சும்மா விட்டுவிட மாட்டோம். எலியை முன்னால் கொண்டுவந்து, பூனையைப் பின்னால் தள்ளினால்தான் மார்க். அவர் பிரமாதமாகத் தள்ளினார். எதைக் கொடுத்தாலும் திருப்பிப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்டர்வியூவுக்குத் துணைக்குப் போனேன். அறைக்கதவு திறந்தே இருந்தது. ஆங்கிலம் பேசத் தெரியுமா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். இவர் வாயைத் திறந்தார், மூடினார், மின்விசிறியைப் பார்த்தார். எலியை முன்னால் கொண்டுவருகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“இங்கிலீஷ் கேன் பி ஸ்போக்கன் பை மீ.”

பிழையே இல்லை. நூற்றுக்கு நூறு போடலாம். மேனேஜர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

செங்கல்பட்டு பஸ் வரும்வரை அவரும் என்னோடு நின்றார். எனக்கு வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, உள்ளே எல்லாம் அப்படிக் கிடந்தது.

“தப்பா சொல்லிட்டனா சார்?”

“இல்லை. சரியாத்தான் சொன்னீங்க.”

தலையாட்டினார். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கினேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் கடைப்பக்கம் போனேன். வெள்ளைக்காரர் ஒருவர் மாலையைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். இவர் உதட்டை அசைத்தபடி வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் கொஞ்சம் பார்த்துவிட்டு மாலையை வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு நடந்தார்.

மணி கோத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னாள்: “தப்பா பேசிகினு இருந்த வரைக்கும் யாவாரம் நடந்துச்சு சார். இப்ப கரெக்டா கம்முனு கீறாரு.”