பலெர்மோவில் நான் கியூபாக்காரனாக இருந்த காலம்

சல்சா என்ற கியூபா ஆட்டப் பாட்டுக்கு வாசிக்கிறவனுடைய தொழில் என்னவென்றால், ஆடுகிறவர்களுக்குக் கைதட்டல் விழுவதற்காக நாங்கள் வியர்ப்பது. கலியாண வீட்டில் மைக் பிடித்தவர்களுக்கும் திருவிழாவில் மேளம் தூக்கினவர்களுக்கும் இதை நான் சொல்லத் தேவையில்லை. என் பேர் அன்ரன், ஊர் மன்னார், படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கிழமை நாட்களில் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமாப் பக்கம், ஒரு சின்யோரா அம்மாவின் வீடு துடைக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வியா மக்வேதாத் தெருவில் ஒரு பாரின் முற்றத்தில் கொங்கா அடிக்கிறேன். கொங்கா என்றால் இடுப்பளவு உயரமான மேளம்; கம்பு கிடையாது, வெறுங்கை. அந்த மேளத்துக்குப் பின்னால் என் இடத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒலிவ் வாளி

கபோ சந்தையில் தோத்தோ என்றொருவன் ஒலிவ் விற்கிறான். ஞாயிறுகளில் ட்றம்பெற் ஊதி ஒரு சல்சாக் குழுவும் நடத்துகிறான். ஒருநாள் அவன் கடையில் என் முறைக்குக் காத்து நிற்கும்போது, கவிழ்த்து வைத்திருந்த வெறும் வாளியில் என் கை தன்பாட்டில் தாளம் போட்டது. எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு அடித்த அதே அடி.

தோத்தோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தான். அவனுடைய கொங்காக்காரன் வேலை கிடைத்து மிலானுக்குப் போய் இரண்டு கிழமை. பிறகு என் நிறத்தைப் பார்த்தான், திருப்திப்பட்டான். இருபது வருசம் துடைப்பம் பிடித்த கை என்னுடையது. பாப்பரசர் என்று சொல்லச் சொன்னாலும் அன்றைக்குத் தலையாட்டியிருப்பேன். தோத்தோ அவ்வளவு கேட்கவில்லை.

"ஞாயிறு வா. பேர் ஹோசே, நாடு கியூபா. தொப்பி நான் தாறன், வாயை மட்டும் திறக்காதை."

ஐந்து, ஆறு, ஏழு

ஆடப் பழகுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நடன மாஸ்டர் பாருக்கு வருவார். சட்டையில் மூன்று பொத்தான் பூட்டமாட்டார். "ஐந்து, ஆறு, ஏழு" என்று அவர் கத்தினால் ஆளுக்கொரு காலாய் நாற்பது கால்கள் ஒரே நேரத்தில் எழும்பும். எங்கள் பாட்டு கொஞ்சம் வேகம் எடுத்தால், இருபது சோடியும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நிற்கும்.

இடைவேளையில் மாஸ்டர் மேடைக்கு வந்தார். கோபமில்லை, பரிதாபம்தான்.

"நீங்கள் பிழையாய் வாசிக்கேல்லை, ஆனா பிள்ளையள் பழகினது வேறை வேகம். நான் போனிலை பாட்டைப் போடுறன், நீங்கள் வாசிக்கிற மாதிரி நில்லுங்கோ."

சின்யோராவின் ஜன்னல்

என் முகத்தைப் போட்டு, கீழே 'கியூபாவின் ஹோசே' என்று எழுதி, தோத்தோ தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டான். மருந்து வாங்கப் போன சின்யோரா அதில் ஒன்றைக் கிழித்து, மடித்து, கைப்பையில் கொண்டுவந்தா. மேசையில் விரித்துவைத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. வேலை போச்சு என்று நினைத்தேன்.

"ஹோசேயிட்டைச் சொல்லு அன்ரன், தெருப்பக்க ஜன்னல் இன்னும் துடைக்கேல்லை எண்டு."

எங்கட ஆக்கள்

என் மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்துக்கு எங்கள் குழுவைக் கூட்டிப்போனேன். அங்கே ஹோசே இல்லை, அன்ரன்தான். ஊரறிந்த ஆளுக்குத் தொப்பி எதற்கு? மண்டபம் நிறையச் சனம். எல்லாரும் கதிரையில், மடியில் றோல்ஸ் பலகாரத் தட்டு. நாங்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கிறோம், ஒரு கால் அசையவில்லை. அசைந்தது வீடியோக்காரன் மட்டும். பாட்டு முடிந்ததும் கச்சேரிக்குத் தட்டுகிற மாதிரி மரியாதையாய்க் கை தட்டினார்கள். தோத்தோவுக்கு அழுகை வராத குறை.

கடைசியில் மச்சாளின் தகப்பன் வந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நல்ல சத்தம். சாப்பாட்டு நேரம் மட்டும் நிப்பாட்டியிருக்கலாம், எனக்கு ஆட்டெலும்பு தொண்டையிலை போய்ட்டுது."

கத்தரிக்காய்

அடுத்த ஞாயிறு பாரில் நல்ல கூட்டம். கபோவில் மரக்கறி வாங்கி வந்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வேலிக்கு அங்கால் நின்று, "அன்ரன் அண்ணை! கத்தரிக்காய் மலிவாய்க் கிடக்கு, வீட்டிலை அக்காவுக்கும் வாங்கட்டோ?" என்று தமிழில் கத்தினாள். நானும் பழக்கதோசத்தில், "ஓம், ரெண்டு கிலோ வாங்கு!" என்றேன். பார் முதலாளி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். அசல் கியூபாக்காரன் இல்லையென்றால் ஞாயிறும் இல்லை என்றுவிட்டார்.

தோத்தோ தேடிப்பிடித்து ஒருவனைக் கொண்டுவந்தான். பேர் றமோன். அசல் கியூபா, குளியலறைக்கு மாபிள் பதிக்கிறவன். மேளத்தில் கை வைத்தால் சுவரில் சீமெந்து அப்புகிற மாதிரி இருந்தது. ஆகவே ஏற்பாடு இப்படி: முன்னால் றமோன் தொப்பியோடு ஒரு மேளத்தின் மேல் தொடாமல் கையை ஆட்டுவான், பின்னால் பெரிய பூச்சாடியின் மறைவில் நான் குந்தியிருந்து வேறொரு மேளத்தில் அடிப்பேன். உங்கள் நாட்டுப் பாட்டுத்தானே, கொஞ்சம் பழகலாமே என்று நயமாய்க் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்குச் சல்சா எண்டாலே தலையிடி அண்ணை. வீட்டிலை நான் றொக் பாட்டுத்தான் கேக்கிறனான்."

பூச்சாடி

மூன்று ஞாயிறு ஓடியது. இலை மூக்கில் குத்தும், தும்மலையும் தாளத்தில் போடவேண்டும். நாலாவது ஞாயிறு, பாட்டு உச்சத்தில் நிற்க, றமோனுக்குத் தாயிடமிருந்து போன். ஒரு கையால் போனைக் காதில் வைத்தான், மற்றக் கையால் மற்றக் காதைப் பொத்தினான். கொங்காச் சத்தமோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சனம் மேளத்தைப் பார்த்தது, கையைத் தேடியது. நான் பயந்து நிப்பாட்டினேன். நாற்பது காலும் அந்தரத்தில் நின்றன. குனிந்தே இருந்தால் அடுத்த ஞாயிறும் பூச்சாடி. எழும்பினால் அதுவும் இல்லாமல் போகலாம். குந்தியிருந்து வந்த முழங்கால் நோ முடிவெடுத்தது. எழும்பி, மேளத்தை முன்னால் இழுத்துவந்து, அந்த மேடையில் முதல்முறையாக இத்தாலியனில் வாய் திறந்தேன்: "நான் அன்ரன். இலங்கை. வீடு துடைக்கிறனான்."

முதலாளி என்னை நோக்கி வந்தார். அதற்குள், ஆடிக்கொண்டிருந்த ஒரு மனுசி, "ஆரெண்டாலும் அடியுங்கோ, கால் விறைக்குது!" என்று கத்த, மற்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள். அடித்தேன். எல்லாரும் ஆடினார்கள்; மாஸ்டர்கூட ஐந்து, ஆறு என்று எண்ணவில்லை.

முடிந்ததும் முதலாளி கிட்ட வந்து கையைப் பிசைந்தார்.

"சரி, இனி நீ அன்ரன் எண்டே நோட்டீஸ் அடிப்பம். ஆனா இலங்கை எங்கை எண்டு ஆருக்குத் தெரியும்? 'கியூபாவுக்குப் பக்கத்துத் தீவு' எண்டு போடுறன், நீ ஒண்டும் கதைக்காதை."

இப்போது ஞாயிறு தோறும் என் சொந்தப் பேரில், என் சொந்த இடத்தில் நின்று அடிக்கிறேன். நாங்கள் இடம்பெயர்ந்தது காணாதென்று, நாடும் எங்களுக்குப் பின்னால் கியூபாப் பக்கம் இடம்பெயர்ந்து போய்விட்டது.