அமைதி சாரின் வகுப்பு

ஆசிரியர்களைக் கூட்டி உட்காரவைத்து வாயை மூடச் சொல்வதைப் போலத் தலைவலி பிடித்த வேலை வேறு இல்லை. வட்டார ஆசிரியர் மாநாடு தொடங்கி வெகுநேரம் ஆகியும் அரங்கில் பேச்சு ஓயவில்லை. அமைப்பாளர் அம்மாள் மைக்கைத் தட்டிப் பார்த்தார், கைதட்டிப் பார்த்தார், கடைசியில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றார். முன்வரிசைக்காரர்கள் யார் பேசுவது என்று பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசை கைப்பேசியில் முகத்தைப் புதைத்திருந்தது.

நடுவில், மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியில், கணக்கு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர்க்கதை பேச வரவில்லை. பிழைக்க ஒரு வழி கேட்டுப் போக வந்திருந்தாள். சென்ற வருடம் அவள் தலையில் கட்டிய பிள்ளைகள் இந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு ஏறியும் அவளை விடவில்லை. அவளை ஒரு பொருட்டாகவே நினைப்பதுமில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், சந்தை கூடிவிடும். அதட்டினால் சிரிக்கிறார்கள்; கெஞ்சினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போன வாரம் பின்னக் கணக்கைத் தொண்டை கட்ட விளக்கி முடித்தபோது ஒரு பெண் எழுந்து மிகவும் மரியாதையாக, பெல் அடித்து நேரமாகிவிட்டது என்று தெரிவித்தாள். மற்றவர்கள் அதற்குள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

இதற்குத் தலைமையாசிரியை செய்த பெரிய உபகாரம் ஒரு வீடியோவைக் காட்டியதுதான். இந்த வட்டாரத்தில் அதைப் பார்க்காத ஆசிரியரே கிடையாது. குரலை உயர்த்தாமல் ஒருவர் பாடம் நடத்துவார். பிள்ளைகள் இமை கொட்டாமல் கேட்பார்கள். ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு அவருக்கு அமைதி சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "இவரும் மனுஷர்தானே டீச்சர்" என்று தலைமையாசிரியை மாதக் கூட்டம் தவறாமல் கேட்டார். டீச்சர் அதைச் சமையலறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மறுநாள் அப்படியே நின்றாள், அப்படியே திரும்பினாள். சந்தை அப்படியே கூடியது. பிறகு வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் அழ ஆரம்பித்தாள். தனக்கு இந்த வேலைக்கான முகமே இல்லை, குரலே இல்லை, ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றிப்போனது.

அக்கா தன் அலுவலகத்தில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். மேசையும் கோப்பும் யாரையும் பார்த்துச் சிரிக்காது என்பது அக்காவின் வாதம். இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மாநாட்டில் பேச வரும் அமைதி சாரை நேரில் கேட்டுப் பார்க்கிறேன், அவரிடமும் வழி இல்லையென்றால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் பஸ் ஏறினாள்.

முதலில் அனுபவப் பகிர்வு. ஒரு டீச்சரின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லையே என்று அழுகிறார்களாம். இன்னொருவரின் பிள்ளைகள் வீட்டுப்பாடம் போதவில்லை என்று சண்டைக்கு வருகிறார்களாம். அந்த அரங்கில் இருந்த யாருடைய வகுப்பிலும் ஒரு பிள்ளைகூட இதுவரை கொட்டாவி விட்டதில்லை.

அடுத்தது ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழுப்பணி. பெரிய தாளில் 'எங்கள் சவால்கள்' என்று எழுத வேண்டும். தலைப்பைச் சிவப்பில் கோடிடுவதா நீலத்திலா என்பதிலேயே பாதி நேரம் போயிற்று. டீச்சர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தன் வகுப்பு தன்னை மதிப்பதில்லை என்று சொன்னாள். ஒருவர் அவள் குரலில் கம்பீரம் போதாது என்றார். இன்னொருவர் புடவையை மாற்றிப் பார்க்கச் சொன்னார். எழுத்து அழகாக இருந்த தமிழாசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தாளில் 'நேரமின்மை' என்று எழுதினார். டீச்சருக்கு அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தால் என்ன என்று வந்தது.

பிறகு அமைதி சார் மேடையேறினார். வீடியோ ஓடியது. வகுப்பறை அமைதியைப் பற்றி அவர் பேசி முடிக்கும்வரை அரங்கில் ஒருத்தரும் பேச்சை நிறுத்தவில்லை.

தண்ணீர்க் குடத்தருகே டீச்சர் அவரை மடக்கினாள்.

"சார், என் எட்டாம் வகுப்பு நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குது. நீங்க அப்படி என்னதான் செய்றீங்க?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். "வீடியோவுல இருக்கறது என் வகுப்பு இல்ல டீச்சர்" என்றார்.

அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் எல்லாப் பிரிவிலிருந்தும் படிக்கிற, அடங்கின பிள்ளைகளாகப் பார்த்து எடுத்து ஒரே வகுப்பாக உட்காரவைப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். டீச்சரே எத்தனையோ பிள்ளைகளுக்குத் தலைவாரி அப்படி அனுப்பியிருக்கிறாள். இத்தனை தடவை பார்த்தும் இது தன் புத்திக்கு எட்டவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அப்படியானால் அவருடைய வகுப்பு அன்று எங்கே இருந்தது என்று கேட்டாள். சத்தம் வீடியோவில் விழுந்துவிடக் கூடாது என்று விளையாட்டு ஆசிரியர் அதை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாராம்.

"ஒரு வருஷமா அதைப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன் சார். மேடையில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாராவது கேட்டா சொல்லிடலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வரேன். எல்லாரும் பாராட்டிட்டுப் போயிடறாங்க." அவர் குரல் இறங்கியது. "உங்க குழுவுல யாராவது உருப்படியா வழி சொன்னாங்களா? என் வகுப்பு என்னை உண்டு இல்லன்னு ஆக்குது டீச்சர்."

புடவையை மாற்றச் சொன்னார்கள் என்றாள். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவரை அறைவதா, அவரோடு சேர்ந்து சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை.

சான்றிதழ் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நின்றபோது அக்கா போன் செய்தாள்.

"என்னடி, வழி சொன்னாரா?"

"இல்லக்கா. அவருக்கும் தெரியல."

"அப்ப வேலையை விட்டுட்டு இங்க வந்துடு."

"வரலக்கா." முன்னால் நின்றவரின் முழங்கை இடித்தது, அவள் நகரவில்லை. "இங்க யாருக்குமே தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நெனச்சுட்டிருந்தேன்."