திருப்பிக் கொடுக்க வந்த கண்ணாடி

காலையில் குழாய் வாஷர் வாங்கலாம் என்று திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா. போன வாரம் வாங்கிய பாத்ரூம் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“குளிச்சிட்டுப் பார்த்தா மூஞ்சே தெரியல தம்பி, வெள்ளையா மூடிக்குது. டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டியா?”

“எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் யக்கா.”

“பழசு ஒரு நாளும் இப்படிப் பண்ணலயே!”

கடைக்காரர் ஒரு புதுக் கண்ணாடியை நீட்டினார். “இதுல வாயத் தொறந்து மூச்சு வுடுங்க.”

விட்டார். மங்கியது. கடையில் இருந்த மற்ற கண்ணாடிகளிலும் வரிசையாக விட்டுப் பார்த்துவிட்டு, “அத்தனையும் டூப்ளிகேட்டு” என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

“கண்ணாடி மேல தப்பில்லக்கா. சூடான ஆவி, சில்லுன்னு இருக்கிற கண்ணாடியில பட்டா பொடிப்பொடியா தண்ணியாயி ஒட்டிக்கும். மூச்சுல இருக்கிற ஈரமும் அப்படித்தான். வீட்ல இப்ப சுடுதண்ணியிலதான் குளிக்கிறீங்களா?”

“ஆமா சார். பனி தாங்கலன்னு கண்ணாடியோட கீசரும் வாங்கி மாட்டுனோம்.”

“அதான் காரணம்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். கண்ணாடியை மறுபடி துண்டில் சுற்றினார்.

“அப்ப கீசர் மேலதான் குத்தம். தம்பி, அதையும் உங்கிட்டதான வாங்குனேன்? மத்தியானம் கழட்டிக்கினு வர்றேன், எடுத்துக்க.”

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வாஷர் ஸ்டாக் இல்லையாம். கண்ணெதிரே ஒரு டப்பா நிறைய இருந்தது.

விழுப்புரத்தில் நல்ல ஹார்டுவேர் கடை தெரிந்தால் சொல்லுங்கள். சத்தியமாக அங்கே வாயைத் திறக்க மாட்டேன்.