மறுபாதியைச் சொன்னவள்

என் மனைவி லூர்தம்மாளுக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொன்னபோது, வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று எண்ணினேன். அது வேறு என்பதை ஓராண்டுக்குள் கண்டேன். அடுப்பில் உலை வைத்ததை மறந்தாள். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மறந்தாள். ஒரு மாலை, முத்தியால்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, "நேரமாவுது, எங்க வூட்டுக்குப் போறேன்" என்று என்னிடமே விடைபெற்றாள். அன்று நான் மனம் உடைந்து போனேன்.

பங்கு மக்களே, நான் சூசைநாதன். மில்லில் தறி ஓட்டியவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அறியாதவன். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லுமுன் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் இது சாட்சியாகாது.

சென்ற ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இருவரும் சென்று, முடியைக் காணிக்கையாகக் கொடுத்து, அவளுடைய நினைவைத் திருப்பித் தரும்படி மாதாவிடம் கேட்பதாக நேர்ந்துகொண்டேன். மகன் அருள்ராஜ் தடுத்தான்.

"அம்மாவ வெச்சிக்கினு தனியா பஸ்ல போவாதப்பா. நானும் லீவு போட்டுட்டு வரேன்."

"லீவு போட்டா சம்பளம் புடிப்பான். நீ வேலையப் பாரு. மாதாகிட்ட ஏழையாத்தான் போவணும்" என்றேன். அதைப் பக்தி என்று அப்போது நினைத்தேன். கொஞ்சம் வீம்பும் அதில் இருந்தது.

செப்டம்பர் ஐந்தாம் நாள் காலையில் சாதாரணப் பேருந்தில் புறப்பட்டோம். விரைவுப் பேருந்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, காரைக்காலில் ஒன்று என மாறி மாறி ஏறினோம். தூக்கில் புளிச்சோறு, கையில் ஒரு பாய், இருவருக்கும் காவி உடை. இறங்கிய இடமெல்லாம் அவள், "நம்ம வூடு வந்துடுச்சா?" என்றாள். வரவில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்தது. விடுதியில் தங்க வசதியில்லை. பயணிகளுக்காகப் போட்டிருந்த பந்தலில் பாய் விரித்துப் படுத்தோம். அவள் முந்தானையை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை முடி காணிக்கைக் கூடத்துக்குச் சென்றோம். அவளுக்கு முதலில் எடுத்தார்கள். குழந்தையைப் போல் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவளைப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். தலையை மழித்து முடித்த தொழிலாளி கத்தியைத் துடைத்தபடி சிரித்தார்.

"மீச காணிக்கையில சேராது பெரியவரே. வெச்சுக்குங்க. அம்மா பயந்துடப் போறாங்க."

"குடுக்கறதுன்னா முழுசாக் குடுக்கணும். எடுப்பா" என்றேன்.

திருமணத்துக்கு முன்பிருந்தே நான் வைத்திருந்த மீசை அது. நிமிர்ந்து முகத்தின் நீரைத் துடைத்து அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் அச்சம் இருந்தது.

"யாரு நீங்க?"

"நாந்தாம்மா" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுக்கத் திரும்பினேன். மாட்டிக்கொண்டு பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

கூடத்தை மூன்று முறை சுற்றினேன். வெளியே ஓடினேன். பேராலயத்து வாசல், மெழுகுதிரிக் கடைகள், மாதா குளம், எங்கும் இல்லை. ஒலிபெருக்கி அறைக்குச் சென்று, காவிப் புடவை, மொட்டைத் தலை, அறுபத்தைந்து வயது என்று அடையாளம் சொன்னேன். அங்கிருந்த தொண்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பெரியவரே, வெளிய எட்டிப் பாருங்க. எல்லாம் காவி, பாதி பேரு மொட்ட. நான் யாரன்னு தேடச் சொல்றது? போட்டோ இருக்கா?"

சட்டைப்பையில் இருந்த படத்தைக் கொடுத்தேன். அதில் அவளுக்கு இடுப்பளவு கூந்தல். அருகில் மீசையுடன் நான். அந்த இருவரில் ஒருவரும் அன்று வேளாங்கண்ணியில் இல்லை. அவள் பெயரை ஒலிபெருக்கியில் மாலைவரை அழைத்தார்கள். தன் பெயரையே அவள் பல நாள்களாக மறந்திருந்தாள்.

கடற்கரையில் நடந்தேன். ஒவ்வோர் அலையையும் பயந்து பயந்து பார்த்தேன். மகனிடம் சொல்லவில்லை. அன்று மாலை அவனே கைப்பேசியில் அழைத்தபோது, "அம்மா தூங்குது" என்று பொய் சொன்னேன். திருத்தலத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய். மறுநாள் பிற்பகல்தான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. "வரேம்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அதன்பின் கோவில் படியில் முழந்தாளிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "தாயே, நினைவு வேண்டாம். அவள் என்னை அறியாமலே இருக்கட்டும். ஆளை மட்டும் கொடு" என்றேன். என் ஆயுளில் கணக்கில்லாச் செபங்கள் சொல்லியிருக்கிறேன். மன்றாடியது அன்றுதான்.

அன்றே, செப்டம்பர் ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மேல், அந்தத் தொண்டரே என்னைத் தேடி வந்தார். நாகப்பட்டினம் சாலையில் வெறுங்காலோடு வடக்கே நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியை நடைப்பயணிகள் காவல் உதவி மையத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஓடினேன். லூர்தம்மாள்தான். பாதங்கள் வீங்கி வெடித்திருந்தன. உதடுகள் காய்ந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து பெண் காவலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இந்த ஆள்தாம்மா! இந்த மொட்ட ஆளு! எங்க வூட்டுக்காரருக்கு மீச இருக்கும். அவரு என்னத் தேடிக்கினு இருப்பாரு, என்ன வுடுங்க!"

யாரிடமிருந்து அவள் ஓடினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெண் காவலர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதிலும் மீசை. மகன் வந்துகொண்டிருக்கிறான் என்றேன். "கோச்சுக்காதீங்கய்யா. அந்தம்மா உங்களப் பாத்து நடுங்குது. நான் எப்படி உங்ககூட அனுப்புவேன்? மகன் வரட்டும். இப்ப வண்டி வரும், அதுவரைக்கும் காப்பகத்துல பத்திரமா இருப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் இன்னும் ஒரு வண்டி, இன்னும் சில அந்நியர், இன்னும் ஓர் அறியாத இடம் என்றால் அவள் தாங்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். நெருங்கினால் அலறினாள். வாசலருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கோவில் மணி அடித்தது. மாலை ஆறு மணி. வீட்டில் அந்நேரத்துக்கு நாங்கள் செபமாலை சொல்வது வழக்கம். திருமணமான நாளிலிருந்து முதற்பாதியை நான் சொல்வேன், மறுபாதியை அவள் சொல்வாள். என்னிடம் வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க..."

சொல்லி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். வெளியே தேர் புறப்படும் ஆரவாரம். உள்ளே அவள் அழுகை நின்றது. மீண்டும் ஒரு முறை சொல்லி நிறுத்தினேன். காவலரின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

பழைய வார்த்தைகள். எங்கள் வீட்டில் நாங்கள் மாற்றாமல் வைத்திருந்த வார்த்தைகள். ஒரு சொல்லும் பிசகாமல் முடித்தாள். நான் அடுத்ததைச் சொன்னேன். நான்காவதோ ஐந்தாவதோ சொல்லும்போது எழுந்து வந்தாள். வீட்டில் உட்காருவதுபோல் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். பத்து முறையும் சொல்லி முடித்தபின் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க, மீச எங்க?"

பெண் காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனிடம் கைப்பேசியில் விசாரித்துவிட்டு, "எழுதிக் குடுத்துட்டு அழைச்சிக்கிட்டுப் போங்கய்யா" என்றார். அன்று தேரை நாங்கள் பார்க்கவில்லை. மகன் வரும்வரை அவள் பாதங்களைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, அவளுக்கு நினைவு திரும்பவில்லை. இவ்வாண்டு இன்னும் குறைந்திருக்கிறது. சோற்றை விழுங்கவும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நான் ஆளைக் கேட்டேன், மாதா ஆளைக் கொடுத்தார். அதற்கு என் வாழ்நாள் போதாது நன்றி சொல்ல. மீசையை மறுபடி வளர்த்துவிட்டேன், இனி எடுக்கமாட்டேன். மகன் உதவ வந்தால் வேண்டாம் என்பதில்லை. அவன் குளிப்பாட்ட, நான் உடுத்திவிடுகிறேன்.

மாலை ஆறு மணிக்கு முதற்பாதியைச் சொல்லிக் காத்திருக்கிறேன். சில நாள் உடனே வருகிறது. சில நாள் வெகுநேரம் கழித்து, உதடு மட்டும் அசைகிறது. வராத நாளும் வரும் என்பதை அறிவேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து தொடங்குங்கள். நிறுத்தி, காத்திருங்கள்.

எங்கள் தெருவழியாக மாலையில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் குரல் முதற்பாதியோடு நின்று, வீட்டுக்குள் வேறு ஓசை இல்லாதிருந்தால், வாசலில் நின்று மறுபாதியை நீங்கள் சொல்லுங்கள்.