அந்தரத்தில் நிற்கப் பழகியது

விருதுநகரில் எனக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. ஞாயிறு விடுமுறை. மனைவி மூன்று வருஷமாகச் சென்னையில், மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் போன் வரும். "சாப்பிட்டீகளா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அதற்குள் பேத்தி அழும். போன் வைத்துவிடுவாள். பிறகு நான் ரிமோட் விமானத்தைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு, இருக்கன்குடி தாண்டி ஒரு வறண்ட கண்மாய்க்குப் போவேன். பட்டாசுக் கம்பெனி எதுவும் அருகில் இல்லாத இடம் கிடைக்கவே ஆறு மாதம் அலைந்தேன்.

நான் விட்டது கோடு பிசகாமல் சாகசம் செய்கிற வகை. நேராகப் போக வேண்டும், வட்டம் வட்டமாகவே முடிய வேண்டும். காற்று தள்ளும், தள்ளுவதற்கு முன்பே விரல் அதைத் தடுத்திருக்க வேண்டும். வானத்தில் மெதுவாகப் புரளும்போது பாதியில் விமானம் தலைகீழாகும். அப்போது மேலே போக ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டும், இழுத்தால் மண்ணில்தான். இதெல்லாம் சரியாக வர எனக்கு நாலு வருஷம் ஆனது. பார்க்க யாரும் இருந்ததில்லை.

விமானம் விடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இடம் விசாரித்துக்கொண்டு ஒருவர் கண்மாய்க்கு வந்தார். திருத்தங்கலில் அச்சு மிஷின் ஓட்டுகிறவர், காலண்டர் சீசன் முடிந்த ஓய்வில் இருந்தார். அவருடைய விமானம் பறக்கவே இல்லை. மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, ஆள் உயரத்தில் அப்படியே தொங்கியது. இரண்டு கட்டைவிரலும் ஒரு நொடி ஓயவில்லை.

"பிடிங்க பாய். விழுந்தா ஒட்டிக்கிடலாம், தெர்மாகோல்தான்" என்று ரிமோட்டை நீட்டினார்.

விமானம் மெல்லச் சுழன்று வயிற்றுப் பக்கத்தை எனக்குக் காட்டியது. அந்த நிமிஷமே எனக்கு இடது வலதாகிவிட்டது. யோசித்தேன். யோசிக்க அதில் நேரமே கிடையாது. மூக்கு மண்ணில் குத்தி உடைந்தது. அவர் சிரித்தார்.

என்னுடையதை அவரிடம் கொடுத்தேன். அவர் போட்ட வட்டம் முட்டையாக வந்தது, கோடு நெளிந்தது. "இது எம்புட்டு கஷ்டம் பாய்! கையைச் சும்மா வச்சிருக்கத்தான் வர மாட்டேங்கு" என்றார்.

ஏழு ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து விமானம் விட்டோம். எட்டாவது வாரம் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். மஸ்கட்டில் ஒரு பிரஸ்ஸில் வேலையாம். "திடீர்னு விசா வந்துட்டு பாய், நேர்ல சொல்ல முடியல." நல்லபடியா போயிட்டு வாங்க என்றேன். அன்று கண்மாய்க்குப் போனேன், காரை விட்டு இறங்காமல் திரும்பி வந்தேன்.

பிறகு அதே மாதிரி ஒரு தெர்மாகோல் விமானம் வாங்கினேன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கம்ப்யூட்டரில், விமானம் விடுகிற விளையாட்டில் பழகுவேன், ஞாயிறு கண்மாயில் உடைப்பேன். என் பழைய கை எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டது. இந்த வகைக்குத் திட்டம் உதவாது. இந்த நொடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எட்டாவது மாதம் ஒரு நாள் விமானம் இருபது நொடி அந்தரத்தில் நின்றது. அவருக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும்போது யார் வீடியோ எடுப்பது?

அடுத்த ஞாயிறு, கண்மாயில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். விமானம் அந்தரத்தில் நின்றதும் பதறிவிட்டார்.

"ஏன் அங்கனயே நிக்கு? கெட்டுப்போச்சா பாய்?"

"இல்லம்மா, நிக்கணும்."

"நிக்கவா இம்புட்டு பாடு?"

வீடியோவில் பாதி ஆடுகள், பாதி வானம், கொஞ்சம் விமானம். அனுப்பினேன். நாலு நாள் கழித்து, கடையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. "சூப்பர் பாய். இங்க விடுறதுக்கு இடமே இல்ல. ரூம்ல நாலு பேரு. என் பிளேனை வித்துட்டேன்."

என்னென்னவோ தட்டி அழித்தேன். கடைசியில், "லீவுல வந்தா வாங்க, என்கிட்ட ரெண்டு இருக்கு" என்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு ஆடுகள் வேறு பக்கம் மேயப் போயிருந்தன. விமானம் முப்பத்தோரு நொடி நின்றது. வாய்விட்டு எண்ணினேன்.