தண்ணீர் பார்த்துச் சேர்க்கும் கல்லூரி

எந்த ஊருக்குப் போனாலும் மாரியூர் இருளாண்டி முதலில் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார். உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்த மனிதர். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்ததும் அப்படிப் பார்த்துத்தான்.

இளையவள் முருகலட்சுமிக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. அப்பாவும் மகளும் நேரில் போய்ப் பார்த்தார்கள். மதுரைக் கல்லூரியில் பெரிய நூலகமும் ஆய்வகமும் இருந்தன, ஆனால் குழாய்த் தண்ணீர் கரித்தது. ஆற்றங்கரைக் கல்லூரியில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. தண்ணீர் மட்டும் இளநீராக இனித்தது.

“இங்கனயே சேந்துரு தாயி. தண்ணி அமிர்தமா இருக்கு” என்றார் இருளாண்டி.

முருகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் படிக்க வாரேனாய்யா, வாக்கப்பட வாரேனா? பூட்டுன லேப் ஒங்க கண்ணுல படல. நான் மதுரைக்குத்தான் போறேன். அக்காளையும் நல்ல தண்ணி பாத்துத்தான குடுத்தீக? அடியும் மிதியும் பட்டுத் திரும்பி வந்து, இன்னைக்கு நம்ம வீட்டு உப்புத் தண்ணியத்தான குடிச்சுக்கிட்டு இருக்கா!”